வீட்டில் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டி: எல்லாரும் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இதுவரை மூன்று வண்டிகள் செய்திருக்கிறேன். முதல் வண்டி கவிழ்ந்தது. இரண்டாவது, செய்து முடித்த பிறகு வீட்டைவிட்டு வெளியே வர மறுத்தது. மூன்றாவதுதான் நாலு வருடமாக ஓடுகிறது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் தாழ்வாக ஒரு பெட்டி, முன் சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் மையத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்), மிதிக்கப் பெடலும் உண்டு. வீட்டில் சுடும் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை டின்களைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வெளியூர்ச் சரக்கை பஸ் நிறுத்தத்தில் சேர்ப்பதும் அதன் வேலை. எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து குனிந்து பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். எழுதி வைத்துவிட்டால் நானும் டீயை ஆறுவதற்குள் குடிக்கலாம்.

இதை ரோட்டில் ஓட்டலாமா? பிடிக்க மாட்டார்களா?

வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பாதிப் பேர் வண்டியைச் செய்து முடித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, பேட்டரி வண்டிகளில் ஒரு வகையை "மோட்டார் வாகனம்" என்ற கணக்கிலிருந்தே விலக்கி வைக்கிறது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். பேட்டரியைக் கழித்த எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. சரியான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பானும் வேண்டும். இத்தனையும் இருந்தால் பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்.

அந்த விதிக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. இவை எல்லாம் சரியாக உள்ளன என்று அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சான்று தர வேண்டும் என்கிறது விதி. வீட்டில் ஒரே ஒரு வண்டி செய்பவன் அந்தச் சான்றுக்குப் போய் நிற்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே என் வண்டி அளவுகளில் விதிக்குள் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. தோப்பு, ஆலை வளாகம், களம் என்று சொந்த இடத்துக்குள் ஓட்டினால் இந்தப் பேச்சே எழாது. தெருவில் இறக்கினால் அந்தக் குறையும் உங்கள் தலையில்தான். நான் ஊர்த் தெருக்களைத் தாண்டுவதில்லை. காரைக்குடி நெடுஞ்சாலையில் ஏற்றுவதே இல்லை. மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டால் அது மிதிவண்டி; சந்தேகமான நாட்களில் அப்படியே மிதித்துக்கொண்டு போவேன்.

250 வாட் போதாது, 1,000 வாட் போடப் போகிறேன் என்பவர்கள் சொந்த நிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது பதிவு செய்ய வேண்டிய மோட்டார் வாகனம் ஆகிவிடும். வகை ஒப்புதல் (அந்த மாடலைச் சோதித்துத் தரும் சான்று) இல்லாத வண்டிக்கு எங்கள் மாவட்டத்து டிஎன் 63 எண் கிடைக்காது.

பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் சும்மாதான் கிடக்கிறது. அதைப் பிரித்து மூன்று சக்கரம் ஆக்கினால் என்ன?

ஆக்கலாம், ஓடும். சென்னையின் மீன்பாடி வண்டி அப்படிப் பிறந்ததுதான். ஆனால் பதிவான வண்டியின் அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாகக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்தில் 25 சிசிக்கு மேற்படாத, நாலு சக்கரத்துக்குக் குறைந்த வண்டிக்கும் விலக்கு உண்டு. உடனே புல்வெட்டும் மெஷின் இன்ஜினை நினைத்துக்கொள்வீர்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை 43, 52 சிசி. எண்ணெய்ப் புகையும் அந்த இரைச்சலும் சேர்ந்தால் இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்துவிடுவார்கள். மின் மோட்டாருக்கே போங்கள்.

முன்னால் இரண்டு சக்கரமா, பின்னால் இரண்டா?

முன்னால் இரண்டு வைத்தால் வண்டி வளைவில் நன்றாக உட்காரும், பிரேக்கும் பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் ஸ்டியரிங் வேலை கடினம். வளையும்போது உள் சக்கரம் வெளிச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். அதற்கு, ஒவ்வொரு சக்கரத்தின் திருப்பு அச்சிலிருந்து டை ராடு (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) முனை வழியாக ஒரு கோடு இழுத்தால் இரண்டு கோடும் பின் சக்கர அச்சின் நடுவில் சந்திக்கும்படி அமைக்க வேண்டும். திருப்பு அச்சு பின்பக்கம் 10 முதல் 14 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் திருப்பு அச்சின் கோடு டயர் தரையைத் தொடும் இடத்துக்கு வர வேண்டும். இதில் ஒரு நூல் பிசகினாலும் டயர் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும், கைப்பிடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பின்னால் இரண்டு வைத்தால் முன்பக்கம் சாதாரண சைக்கிள் ஃபோர்க் போதும். சுமைக்குப் பின்னால் நல்ல இடம் கிடைக்கும். முதல் வண்டிக்கு இதுதான் சரி. ஆனால் கவிழ்வதும் இந்த வகைதான்.

உங்கள் முதல் வண்டி ஏன் கவிழ்ந்தது?

ஊருணிக் கரையில் தெரு திரும்பும் இடம். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. இடது பின் சக்கரம் தரையைவிட்டு எழும்புவது தெரிந்தது. சைக்கிள் பழக்கத்தில் உடம்பு வளைவுக்கு உள்ளே சாய்ந்தது, ஆனால் வண்டி சாயவில்லை; வெளிப்பக்கமாகப் புரண்டுவிட்டது. நாலு டின் அதிரசம் ஊருணிப் படியில். அடி முழங்கையோடு போயிற்று, கேலிதான் ஆறு மாதம் நீடித்தது.

அதற்குப் பிறகுதான் பேப்பரில் கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டும். சைக்கிள் வளையும்போது சாய்ந்து சமாளிக்கும், மூன்று சக்கரம் சாய முடியாது. பின்னால் இரண்டு உள்ள வண்டி கவிழும்போது, முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கும் வெளிப்பக்கப் பின் சக்கரம் தொடும் புள்ளிக்கும் நடுவே உள்ள கோட்டின்மேல் புரள்கிறது. எடை மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில் எவ்வளவு தூரம், எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், எடையில் எத்தனை பங்கு பக்கவாட்டு விசை வந்தால் வண்டி கவிழும் என்ற விடை வந்துவிடும்.

முதல் வண்டியில் பின் சக்கரங்களுக்கு இடையே 750 மி.மீ. முன் சக்கரத்திலிருந்து பின் அச்சு வரை 1,500. ஆளும் சுமையும் சேர்ந்த எடை மையம் அந்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால். ஆகவே கோட்டிலிருந்து பக்கவாட்டுத் தூரம் 375இல் மூன்றில் இரண்டு, அதாவது 250. நான் உட்கார்ந்தது உயரமான சைக்கிள் சீட், டின்களும் உயரமான கேரியரில். எடை மையம் ஏறக்குறைய 700 மி.மீ. உயரம். 250ஐ 700ஆல் வகுத்தால் 0.36. ஐந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் இது மணிக்கு 15 கிலோமீட்டரில் கவிழும் வண்டி. ஊருணிக் கரையில் நான் போனதும் ஏறக்குறைய அந்த வேகம்தான்.

மூன்றாவது வண்டியில் சீட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு இறக்கினேன். நாற்காலி மாதிரி உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிப்பது. பெட்டி அச்சுக்கும் கீழே தொங்குகிறது. சக்கர இடைவெளி 840, எடை மைய உயரம் 500. பக்கவாட்டுத் தூரம் 280, விகிதம் 0.56. அதே வளைவில் 19 கிலோமீட்டர் வரை தாங்கும். சக்கர இடைவெளியைக் கூட்டியதைவிட உயரத்தைக் குறைத்ததில்தான் பலன் அதிகம்.

சுமையை இன்னும் பின்னால் தள்ளினால் கணக்கில் விகிதம் கூடும், ஆனால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. என் வண்டியில் மோட்டாரும் முன்னால் என்பதால் மணலில் சக்கரம் சும்மா சுற்றும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. உறுதியான பலகை மேடையில் வண்டியைப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். சீட்டில் ஆள் எடைக்கு மணல் மூட்டையை ஆள் உட்காரும் உயரத்துக்குக் கட்டுங்கள். மேலே விட்டத்திலிருந்து ஒரு கயிறு போட்டு, விழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு பேரையும் வையுங்கள். பலகையின் ஒரு ஓரத்தை மெல்ல உயர்த்துங்கள். மேல்பக்கச் சக்கரம் எழும்பத் தொடங்கும் நேரத்தில் ஓரத்தின் உயரத்தைத் தரையில் அளந்த படுக்கை நீளத்தால் வகுத்தால் அதே விகிதம் கிடைக்கும். 0.5க்குக் கீழே வந்தால் பெயிண்ட் வாங்காதீர்கள், மறுபடி வெட்டுங்கள்.

என்ன இரும்பு வாங்குவது?

ஒரு அங்குல எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனம். இருபதடி நீளமாக வரும், மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. எனக்கு இரண்டு பைப் செலவானது, கழிவு போக 15 கிலோ சொச்சம். நடு முதுகுத்தண்டுக்கு மட்டும் ஒன்றரை அங்குலம். பயந்துகொண்டு எல்லாவற்றையும் 3 மி.மீ. கனத்தில் போட்டால் 60 கிலோ எல்லை எட்டாக்கனி ஆகிவிடும். முக்கோணம் வருகிற மாதிரி குறுக்குக் கம்பி கொடுத்தால் மெல்லிய பைப்பே தாங்கும். பழைய இரும்புக் கடையில் பைப் வாங்குவதானால் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு உள்ளிருந்துதான் தின்னும்.

எனக்கு வெல்டிங் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை, ஆனால் கற்றுக்கொள்ளும் இடம் உங்கள் வண்டியின் ஸ்டியரிங் ஆகக் கூடாது. வெட்டுவது, பொருத்துவது, டாக் அடிப்பது (அங்கங்கே புள்ளி வெல்டு வைத்து நிறுத்துவது) வரை நீங்கள் செய்யுங்கள். முழு வெல்டுக்குப் பட்டறைக்காரரிடம் போய்விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஆர்க் வெல்டிங்கில் 2 மி.மீ. பைப்புக்கு 2.5 மி.மீ. ராடு போதும், ஆம்பியர் கூடினால் ஓட்டை விழும்.

பத்த வைத்த பக்கம் ஆறும்போது சுருங்கி, வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். நாலு மூலைக்கும் டாக் அடித்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்து சமமாக இருந்தால்தான் மேற்கொண்டு. பிறகு எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக.

எங்கே வைத்துச் செய்வது?

ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் மட்டும் வேண்டாம். அந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. வெல்டிங் பொறி விழுந்த இடம் புள்ளி புள்ளியாகக் கருகும், எண்ணெய் விழுந்தால் உள்ளே இறங்கிவிடும். வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) ஓரத்தில் நான் ஒரே ஒரு மாலை கிரைண்டர் ஓட்டியதில் மூன்று கல்லில் துருப் புள்ளி நின்றுவிட்டது. அப்பத்தா இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு அந்த மூன்று கல்லையும் காட்டுகிறார்கள். தேக்குத் தூண், மரக் கதவு பக்கத்தில் பொறி பறக்கவிடுவதும் ஆபத்து. பின்கட்டில், மண் தரையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு செய்யுங்கள்.

அப்புறம் அந்த இரண்டாவது வண்டி. கவிழக் கூடாது என்ற ஆத்திரத்தில் சக்கர இடைவெளியை 1,050 மி.மீ. ஆக்கிவிட்டேன். வெளி அகலம் 1,150 வந்தது. பின்கட்டிலிருந்து அடுத்த தெருவுக்குத் திறக்கும் கதவின் உள் அளவு மூன்றடி, அதாவது 914. முகப்பு வழியாகக் கொண்டுபோகலாம் என்றால் நடுவில் இரண்டு நிலைவாசல், அப்புறம் வாசல் படிகள். ஒருக்களித்துத் தூக்கிப் பார்த்தோம், பெட்டி இடித்தது. கடைசியில் பின் அச்சை அறுத்து எடுத்தேன். நூறு அடி நீள வீட்டில் ஒரு வண்டி வெளியே வர வழி இல்லை என்று தெருவே சிரித்தது. மூன்றாவது வண்டியின் 840 கவிழ்வுக் கணக்கிலிருந்து வந்த எண் இல்லை, கதவிலிருந்து வந்தது. முதலில் கதவை அளந்துகொள்ளுங்கள்.

சாதாரண சைக்கிள் சக்கரம் தாங்குமா?

26 அங்குலச் சக்கரம் தாங்காது. சைக்கிள் சாய்ந்து வளைவதால் அதன் சக்கரத்துக்குப் பக்கவாட்டு இழுவை அநேகமாக வருவதே இல்லை. மூன்று சக்கரத்தில் ஒவ்வொரு வளைவும் ஸ்போக்கைப் பக்கத்தில் வளைக்கும். 20 அங்குலம், 36 ஸ்போக், இரட்டைச் சுவர் ரிம் போட்டேன். சக்கரம் சிறிதாக ஆக ஆகப் பக்கவாட்டுப் பலம் கூடும். சைக்கிள் ஹப்பின் மெல்லிய அச்சை ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் வளைந்துவிடும் என்பதால் ஹப்பை லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினேன். மொபெட் சக்கரம் இதைவிட உறுதிதான், எடைதான் உதைக்கும்.

ஓட்டத் தொடங்கி நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை ஸ்போக்கை இறுக்கியே ஆக வேண்டும். புது ஸ்போக் உட்கார்ந்து தளரும்.

பின் அச்சு? டிஃபரென்ஷியல் வேண்டுமா?

வளைவில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் அந்தப் பல்சக்கர அமைப்பு இந்த எடைக்கு வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கினால் வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருக்க, இரண்டும் சேர்ந்தே சுற்றி டயரை இழுக்கும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதனால் இடது சக்கரம் மட்டும் அச்சோடு சாவியால் (இரண்டுக்கும் நடுவில் செருகும் சிறு இரும்புத் துண்டால்) பூட்டியது, செயின் அதற்குத்தான். வலது சக்கரம் அதே அச்சில் தன் பேரிங்கில் தனியாகச் சுற்றும்.

அச்சு 25 மி.மீ. இஎன் 8 எஃகு ராடு. தாங்க இரண்டு யுசிபி 205 பிளம்மர் பிளாக் (பேரிங்கோடு வரும் தாங்கி). சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் பிளாக்கை வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பிளாக்குகளை போல்ட் போட்டு, அச்சை உள்ளே நுழைத்து, கையால் சுற்றி லேசாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் தாங்கும் தட்டைப் பத்த வைக்க வேண்டும். தட்டை முதலில் வைத்துவிட்டுத் துளையை அப்புறம் தேடுபவர்கள், கடைசியில் அச்சைச் சம்மட்டியால் அடித்து நுழைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக்?

செலவில் கை வைக்கக் கூடாத இடம். பின்னால் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், இரண்டு கேபிளும், இழுவையை இரு பக்கமும் சமமாகப் பிரிக்கும் ஒரு சமன் பட்டை வழியாக ஒரே லீவருக்கு. சமன் பட்டை இல்லாவிட்டால் ஒரு பக்கம் முதலில் பிடித்து வண்டி திரும்பும். அச்சில் மட்டும் ஒரு டிஸ்க் வைத்தால் என் மாதிரி அமைப்பில் இடது சக்கரம் மட்டுமே நிற்கும், வண்டி இடதுபக்கம் பாயும். முன் சக்கரத்துக்குத் தனி பிரேக், தனி லீவர்.

சுமையோடு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாலு மீட்டருக்குள் நிற்கிறதா என்று சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மோட்டாரை இணைக்காதீர்கள். இரண்டு லீவரிலும் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். நிறுத்தும்போது பூட்டி வைக்க ஒரு பார்க்கிங் பிரேக்கும் வேண்டும். மூன்று சக்கரத்துக்கு ஸ்டாண்டு கிடையாது, சரிவில் நிறுத்தினால் தானாகவே கிளம்பிவிடும். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். வளையும்போது பிடித்தால் எடை முன்னால் பாய்ந்து, கவிழும் கோட்டை நோக்கித்தான் போகும்.

250 வாட் எதற்குப் பற்றும்? ஃபேன் மோட்டார் மாதிரி இல்லையா?

வண்டி, ஆள், சுமை சேர்த்து 150 கிலோ என்று வையுங்கள். சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் டயர் உருளும் தடை ஏறக்குறைய 18 நியூட்டன், காற்றுத் தடை 15. அந்த வேகத்துக்கு 180 வாட் போதும். நம் செம்மண் பூமி பெரும்பாலும் தட்டையானது, அது ஒரு வரம். நூறடிக்கு மூன்றடி ஏறும் பாலத்தில் அதே 180 வாட்டில் வேகம் 10க்கு இறங்கும், அங்கே கொஞ்சம் மிதிக்க வேண்டும். அதற்குத்தானே பெடல்.

முன் ஃபோர்க்கில் ஹப் மோட்டார் போடுபவர்கள் கட்டாயம் டார்க் ஆர்ம் (மோட்டார் அச்சைச் சுற்றவிடாமல் ஃபோர்க்கோடு பிடிக்கும் தட்டு) பொருத்துங்கள். சக்கரம் முன்னால் சுற்ற, மோட்டாரின் அச்சு பின்னால் சுற்றப் பார்க்கும். ஃபோர்க்கின் பிளவை அகட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் முன் சக்கரமே கழன்ற மாதிரி. ஃபோர்க் இரும்பாகவே இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம்.

பேட்டரி எது வாங்குவது?

லெட் ஆசிட் மலிவு, பளு. சித்திரை வெயிலில் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை லித்தியம் நிம்மதி. சூட்டைத் தாங்கும், மற்ற லித்தியம் வகைகள் போல எளிதில் பற்றிக்கொள்ளாது. 3.2 வோல்ட் செல் பன்னிரண்டு வரிசையாக இணைத்தால் 38.4 வோல்ட். 12 ஆம்பியர் ஹவர் என்றால் 460 வாட் ஹவர். அதில் 80 சதவீதம் எடுத்து, நின்று நின்று போகும் ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 15 வாட் ஹவர் என்று வகுத்தால் 25 கிலோமீட்டர் வரும். எனக்கும் அவ்வளவுதான் வருகிறது.

செல்களை வாங்கி நீங்களே பற்றவைக்கப் போகாதீர்கள். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) பொருத்திக் கட்டிய பேக்காக வாங்குங்கள். பேட்டரியிலிருந்து வெளியே வரும் முதல் வயரிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 25 ஆம்பியர் ஃபியூஸ். கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசிப் பற்றும்போது அது உதவாது. சார்ஜருக்கு எல்எஃப்பி என்று எழுதியிருக்கிறதா, 43.8 வோல்ட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். வேறு வண்டிச் சார்ஜரைச் செருகிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். இரவில் எல்லாரும் தூங்கும் கட்டில் ஓரத்தில் சார்ஜ் போடவும் வேண்டாம்.

காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறதே, அங்கே கேட்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட இடம். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போனது. ஆனால் அது ஆராய்ச்சிக் கூடம் அப்பா, சார்ஜர் பழுது பார்க்கும் கடை இல்லை.

மழையில் நனைந்தால்?

வயர் ஒவ்வொன்றும் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறட்டும். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கன்ட்ரோலரைத் தலைகீழாக, வயர் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். ஐப்பசி மழையைவிடச் செம்மண் புழுதிதான் எனக்குத் தொல்லை. செயினில் எண்ணெயோடு சேர்ந்து அரைத்த மசாலா மாதிரி ஆகி ஸ்ப்ராக்கெட்டைத் தின்கிறது. மாதம் ஒரு முறை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெயை விட்டு, மேலே உள்ளதைத் துணியால் துடைத்துவிடுவேன்.

என் மாமாவுக்குக் கால் முடியாது. அவருக்கு இதே மாதிரி செய்து தரலாமா?

செய்யாதீர்கள். அவருக்குச் சட்டத்திலேயே நேரான வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைத்த வண்டிக்கு முறையான பதிவும் காப்பீடும் கிடைக்கும். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தகுதி உள்ளவர்களுக்கு அரசே தருகிறது. சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எவ்வளவு செலவு?

மூன்றாவது வண்டிக்கு 50,000 ரூபாயைத் தொட்டது. அதில் பேட்டரியும் மோட்டார் கிட்டும் மட்டும் பாதிக்கு மேல். லேத் வேலைக்கு 5,000, சக்கரங்களுக்கு 6,000. இரும்புக்கு ஆனதுதான் மிகக் குறைவு, 3,000 சொச்சம். முதல் இரண்டு வண்டியின் செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எத்தனை நாள்?

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் என்றால் ஐந்து மாதம். இடையில் ஒரு கல்யாணம் வந்தால் ஏழு.

எனக்கு ஒன்று செய்து தருவீர்களா? காசு தருகிறேன்.

மாட்டேன். எனக்கென்று செய்து ஓட்டுவது வேறு, விற்பது வேறு. விற்றால் நான் தயாரிப்பாளன் ஆகிறேன். ஒப்புதல் இல்லாத மோட்டார் வாகனத்தை விற்கும் தயாரிப்பாளருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைவிட, என் கையால் பத்த வைத்த வண்டியில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின் தெரு வழியாக வாருங்கள், உங்கள் வீட்டுக் கதவின் அளவைக் குறித்துக்கொண்டு. மூலைமட்டமும் சுண்ணாம்புக் கட்டியும் நான் தருகிறேன், தரையில் முழு அளவில் வரைந்து பார்ப்போம். அப்பத்தா முன்கட்டில் இருப்பார்கள். அந்த மூன்று கல்லைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.